சிக்னல் போகவில்லை

என் அக்கா மகன் மூன்று மாதம் உட்கார்ந்து கட்டிய ரிமோட் விமானத்தை நான் பறக்கவிட்டு நொறுக்கினேன். சிக்னல் போய்விட்டது என்று அவனிடம் பொய் சொன்னேன். ஆறு வருஷமாக அவன் அதை நம்பிக்கொண்டிருந்தான். போன மாதம்தான் போனில் உண்மையைச் சொன்னேன். அப்போதும் பாதியை விழுங்கிவிட்டேன். அந்தப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அப்போது அவனுக்கு மதுரையில் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷப் படிப்பு. சனி, ஞாயிறு மானாமதுரைக்கு வந்துவிடுவான். அக்கா வீட்டு மாடி அறையில்தான் கட்டினான். இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை 1.4 மீட்டர் வரும் பால்சா மரத்து டிரெய்னர். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும், இரண்டு நுனியும் லேசாக மேலே தூக்கியிருக்கும். ஸ்டிக்கை விட்டுவிட்டால் தானாக நிமிரப் பார்க்கிற ரகம், பழகுகிறவர்களுக்கென்றே வந்த அமைப்பு. பிளானைப் பிரின்ட் எடுத்து ஒட்டி, இறக்கையின் ரிப் ஒவ்வொன்றையும் பிளேடால் அறுத்தான். நான் போகும்போதெல்லாம் உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து அவன் முன்கை முழுக்க வெள்ளைத் தூளாக இருக்கும். ஒரு நாள் ஒரு ரிப்பை என் உள்ளங்கையில் வைத்து, “எடை தெரியுதா மாமா?” என்றான். தெரியவில்லை. பொரிக்காத அப்பளம்கூட அதைவிடக் கனம்.

“நீ கட்டு மாப்ளே, பறக்கவிடறது என் பொறுப்பு” என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அவன் அந்த வார்த்தையை நம்பித்தான் கட்டினான்.

எனக்கு இருந்ததெல்லாம் நாலு மாத சிமுலேட்டர் பழக்கம். ராத்திரி கடையடைத்துவிட்டு வந்து, டிரான்ஸ்மிட்டரை யூஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து உட்காருவேன். சிமுலேட்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒழுங்காகப் பயன்படுத்துகிறவனுக்கு அதைப்போல உதவி வேறில்லை. விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் அது வலப்பக்கம் போகும். அதுவே திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது, வலப்பக்கம் தள்ளினால் நம் கண்ணுக்கு இடப்பக்கம் போகும். புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் விமானத்தை உடைப்பது இந்த இடத்தில்தான். யோசித்துச் செய்ய நேரம் இருக்காது, கட்டைவிரல் தானாகச் செய்ய வேண்டும். எந்தப் பக்கத்து இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளு, இறக்கைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி என்று சொல்லித்தருவார்கள். கேட்டால் புரிந்துவிடும். விரலில் ஏற நூறு தடவை, ஆயிரம் தடவை உடைக்க வேண்டும். காசு செலவில்லாமல் உடைக்கத்தான் சிமுலேட்டர்.

நான் உடைக்க மறுத்தேன். சிமுலேட்டரில் நம் கண் தரையில் நிற்கிற ஆளின் கண்ணாக இருக்க வேண்டும். முதல் வாரம் அப்படித்தான் பழகினேன். என்னைப் பார்த்து வரும்போதெல்லாம் விழுந்தது. எரிச்சலில், கேமரா விமானத்தின் வாலுக்குப் பின்னாலேயே போகும்படி மாற்றிக்கொண்டேன். அந்தப் பார்வையில் விமானம் ஒருபோதும் நம்மைப் பார்த்து வராது, வலம் எப்போதும் வலம்தான். காற்றின் வேகத்தைப் பூஜ்யத்தில் வைத்தேன். இறக்கும்போது கொஞ்சம் கோணினாலும் ரீசெட் பொத்தான். இடக்கைக்குப் பக்கத்திலேயே கீபோர்டு இருக்கும், ஒரு தட்டு தட்டினால் விமானம் முழுசாக ஓடுபாதையில் வந்து நிற்கும். நாலு மாதத்தில் நான் போட்ட லூப்புகளுக்குக் கணக்கில்லை. ஒழுங்காகத் தரையிறக்கியது இரண்டு கை விரலுக்குள் அடங்கும்.

பின்னாளில், விமானிகளுக்கான பழைய சிமுலேட்டரான லிங்க் பயிற்சிப் பெட்டியைப் பற்றிப் படித்தபோது மனசு சுருங்கிப்போனது. 1929-இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் செய்தது. அவர் குடும்பத்துக்கு ஆர்கன் வாத்தியம் செய்கிற தொழில். அந்த வாத்தியத்தின் துருத்திகளை வைத்தே பெட்டியைச் சாயவும் நிமிரவும் வைத்தார். 1934-இல் தபால் விமானம் ஓட்டப்போய் மோசமான வானிலையில் பல ராணுவ விமானிகள் செத்த பிறகுதான், அமெரிக்க ராணுவம் அதில் ஆறு பெட்டிகள் வாங்கியது. விமானி பெட்டிக்குள் மூடி உட்கார்ந்திருப்பான். வெளியே மேசையில் ஆசிரியர் இருப்பார். மேசைமேல் விரித்த வரைபடத்தில் மூன்று சக்கரம் வைத்த சின்னக் கருவி ஒன்று, விமானம் போகிற வழியெல்லாம் மையால் கோடு இழுத்துக்கொண்டே ஊரும். அதற்குப் பேர் நண்டு. உள்ளே இருப்பவன் வழி தவறினால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். என் அறையில் கோடு போட யாரும் இல்லை. தவறியதையெல்லாம் நானே அழித்தேன். அழித்தது போக மிஞ்சியதைத்தான் பழக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

சித்திரை மாதம். கண்மாய் வறண்டு, நடுவில் சீமைக்கருவேலம் இல்லாத பெரிய திடல் கிடந்தது. அங்கே பல வருஷமாக விமானம் பறக்கவிடும் பெரியவர் ஒருவர் உண்டு, எல்லாருக்கும் அவர் மாஸ்டர். “எவ்வளவு நாளா சார் பறக்கவிடுறீங்க?” என்று கேட்டார். “நாலு மாசமா” என்றேன். எதில் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“முதல் தடவை ஏறுற விமானம். கேபிள் மாட்டிக்குவமா? நான் சும்மா பக்கத்துல நிக்கிறேன்” என்றார். இரண்டு டிரான்ஸ்மிட்டரையும் கேபிளால் இணைத்துவிட்டால், நம் கை தடுமாறும் நேரத்தில் அவர் ஒரு சுவிட்சில் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். “வேண்டாம் மாஸ்டர், பாத்துக்கிறேன்” என்றேன். அவனிடம் நான் போனில் சொல்லாமல் விழுங்கியது இதைத்தான்: தைரியத்தில் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேபிள் மாட்டினால் ஒரே நிமிஷத்தில் அவர் அந்த சுவிட்சைத் தட்ட வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும். பையன் முன்னால் அது நடக்கக்கூடாது என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துக் காட்டினான். மோட்டார் சட்டென்று நின்றது. சிக்னல் அறுந்தால் விமானத்திலுள்ள ரிசீவரே மோட்டாரை நிறுத்தும்படி அவன் செட் பண்ணியிருந்தான். ஃபெயில்சேஃப் என்பார்கள். “சரியா இருக்கு மாமா” என்று சொல்லிப் புரொப்பெல்லரைத் திரும்ப மாட்டினான். பிறகு அவனே ஓடிப்போய்க் கையால் எறிந்தான்.

அழகாக ஏறியது. விலகிப் போகிறவரை எனக்கும் ஒன்றும் சிரமமில்லை. திருப்பினேன். காலை வெயில் அந்தப் பக்கம்தான் இருந்தது, ஆரஞ்சு இறக்கை கறுப்புக் கோடாகத் தெரிந்தது. என் வலப்பக்கத்து இறக்கை தாழ்ந்தது. ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினேன். இன்னும் தாழ்ந்தது. இன்னும் தள்ளினேன். பயத்தில் மூக்கைத் தூக்கும் எலிவேட்டரையும் இழுக்க, சுற்று இறுகி மூக்கு கீழே திரும்பிவிட்டது. த்ராட்டிலைக் குறைக்க வேண்டிய என் இடக்கை ஸ்டிக்கை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் போயிருந்தது, ராத்திரியில் கீபோர்டு இருக்கிற பக்கம். முழு வேகத்தில் மண்ணில் இறங்கியது.

“சிக்னல் போயிருச்சு மாப்ளே” என்றேன். அவன் ஓட ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். “மோட்டார் கடைசிவரைக்கும் ஓடுச்சே” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அதற்குமேல் பேசவில்லை.

ரிப்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்த பையனும் அதைக் கவனித்திருந்தான். ஆனால் அவன் போட்ட கணக்கு வேறு. “ஃபெயில்சேஃபும் வேலை செய்யல போல மாமா. ரிசீவர்லதான் கோளாறு” என்றான். அரைமணி நேரத்துக்கு முன்னால் தன் கண்ணால் சோதித்ததைத் தள்ளிவிட்டு, மாமா சொன்னதை எடுத்துக்கொண்டான்.

அடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோளாறைத் தேடினான். ஒரு ஞாயிறு நானும் போனேன். ரிசீவரையும் ஒரு சர்வோ மோட்டாரையும் என் கையில் கொடுத்துக் கரையில் உட்காரவைத்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரோடு கண்மாயின் அந்தக் கோடிவரை நடந்தான். அங்கிருந்து அவன் ஸ்டிக்கை அசைக்க அசைக்க, என் கையில் சர்வோவின் வெள்ளைப் புயம் இங்கும் அங்கும் ஆடியது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. போனில் கேட்டான்: “விட்டு விட்டு வருதா மாமா?”

“அப்பப்ப” என்றேன்.

விமானம் விழுந்தபோது சொன்னது பதற்றத்தில் வந்த பொய் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. நிதானமாக, நிழலில் உட்கார்ந்து சொன்னேன்.

பிடிபடாத கோளாறை வைத்துக்கொண்டு பறக்கவிடுவது ஆபத்து என்று, ரேடியோ செட்டைக் கல்லூரியில் ஒரு ஜூனியருக்கு விற்றுவிட்டான். ரிசீவரில் குறை இருக்கிறது என்று அவனாகவே சொல்லிப் பாதி விலைக்குக் கொடுத்தான். மறுபடி கட்டவில்லை. படிப்பு முடிந்து ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

போன மாதம் கூப்பிட்டான். “திரும்ப ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன் மாமா. இந்தத் தடவை ரேடியோவுக்குச் செலவு பாக்கக்கூடாது. ஒரு தடவை பட்டது போதும்” என்றான். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்பப்பன்னு சொன்னீங்களே மாமா” என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த செட்டை வாங்கிய தம்பி இதைப் படிக்க நேர்ந்தால்: உன் ரிசீவரில் எந்தக் குறையும் இல்லை. அன்றும் இல்லை. இன்னும் வைத்திருந்தால் நம்பிப் பறக்கவிடு.