ஜனவரி 30: சில குறிப்புகள்

காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் அதோடு தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழியும் உண்டு. பள்ளிப் பாடத்தில் இந்தத் தேதிக்கு ஒரே செய்திதான்: 1948, தில்லி, பிர்லா மாளிகை, மாலை 5.17, மூன்று குண்டுகள். அதன் கனத்தில் இதே தேதியைச் சேர்ந்த மற்றவர்கள் மறைந்துபோகிறார்கள். அவர்களில் மூவர் தமிழர்கள். மருதூர், தஞ்சாவூர், பொள்ளாச்சிப் பக்கம் என்று மூன்று திசை. மூவரும் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டது ஒரே கவலைக்குத்தான்: பசித்தவனுக்குச் சோறு எங்கிருந்து வரும்? இந்தக் குறிப்புகள் அவர்களுக்காக. வழியில் எதிர்ப்படும் மற்றவர்களும் வரட்டும்.

*

முதலில் காந்தி. ஜனவரி 13இல் தொடங்கிய கடைசி உண்ணாவிரதத்தை 18இல் முடிக்கிறார். 20ஆம் தேதி பிரார்த்தனைக் கூட்டத்தருகே குண்டு வெடிக்கிறது. அதற்குப் பிறகும் கூட்டம் திறந்தவெளியில்தான் நடக்கிறது. 29ஆம் தேதி ஒரு வரைவு எழுதுகிறார். காங்கிரஸ் கட்சியைக் கலைத்துவிட வேண்டும், ஊழியர்கள் லோக் சேவக் சங்கமாக மாறிக் கிராமங்களுக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். மறுநாள் அதைத் திருத்தச் செயலாளர் பியாரேலாலிடம் கொடுக்கிறார். மாலையில் படேலுடன் பேச்சு நீண்டுவிட, பிரார்த்தனைக்குச் சில நிமிடம் தாமதம். நேரம் தவறுவது அவருக்குப் பிடிக்காது. உறவுப் பெண்கள் ஆபாவும் மனுவும் இருபுறமும் வர, வேகமாக நடந்து போனார்.

சுடப்பட்டபோது கடைசியாக அவர் என்ன சொன்னார் என்பதைப் பற்றி ஓயாத விவாதம் உண்டு. அப்போது அருகில் இருந்தவர் செயலாளர் வி. கல்யாணம். சிம்லாவில் பிறந்த தமிழர், 2021இல் சென்னையில் மறைந்தார். எந்தச் சொல்லும் தம் காதில் விழவில்லை என்றே அவர் சொல்லிவந்தார். எனக்கு அந்த விவாதத்தைவிட அந்த வரைவு முக்கியம். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அரசியல் விடுதலை வந்துவிட்டது, ஏழு லட்சம் கிராமங்களுக்குச் சமூக, பொருளாதார விடுதலை இன்னும் வரவில்லை என்று அது சொல்கிறது. காந்தியின் கடைசிச் சொல்லை அங்கேதான் தேட வேண்டும்.

*

அதே நாளில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஓர்வில் ரைட் காலமானார். வயது 76. 1903 டிசம்பர் 17இல் 12 விநாடிகள், 120 அடி தூரம் பறந்தவர். அண்ணன் வில்பர் 1912இலேயே போய்விட்டார். தாங்கள் செய்த இயந்திரம் நகரங்களின் மேல் குண்டு போட்டதையும் தம்பி பார்த்துவிட்டுத்தான் போனார்.

*

1874. தை மாதம். வடலூருக்கு அருகே மேட்டுக்குப்பம், சித்திவளாகம். மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆங்கிலத் தேதி ஜனவரி 30. தென்னார்க்காடு கெசட்டியரை 1906இல் எழுதிய டபிள்யூ. பிரான்சிஸும் இதைக் குறிப்பிடுகிறார். அறை இன்னும் பூட்டியிருப்பதையும், அவர் திரும்பி வருவார் என்ற அன்பர்களின் நம்பிக்கையையும் பதிவு செய்கிறார்.

அந்த அறையைப் பற்றி எத்தனையோ பேச்சுகள். ஆர்வம் அங்கேயே நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம். அதற்கு ஏழு ஆண்டு முன்னால், 1867 மே 23இல், அவர் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். முந்தைய ஆண்டுதான் ஒரிசாவைக் கொடும்பஞ்சம் சூறையாடியது. அதன் வெப்பம் மதராஸ் மாகாணக் கரையிலும் அடித்தது. சாதி, சமயம், ஊர் எதுவும் கேட்காமல் வருகிறவர்களுக்குச் சோறு. அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற உரைநடையில் பசி வந்தால் உடம்பு என்ன ஆகும், அறிவு என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார். ஒரு வைத்தியர் நோய்க்குறி எழுதுவதுபோல அவ்வளவு நுணுக்கம். பசியைத் தத்துவமாக்காமல் உடம்பில் வைத்துப் பார்த்தவர் அவர். அடியெடுத்து வைக்கும்போதே கடவுளைச் சொல்லாமல் வயிற்றைச் சொன்ன ஞானிகள் குறைவு.

வடலூர் மக்கள் ஜனவரி 30ஐக் கொண்டாடுவதில்லை. அவர்களுக்குத் தைப்பூசம்தான். ஏழு திரை விலக்கி ஜோதி தரிசனம், பின்னர் மேட்டுக்குப்பத்தில் திருஅறை தரிசனம். பூசம் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். ஒரே நிகழ்ச்சி இரண்டு காலக்கணக்குகளில் இரண்டு நாளாக நிற்கிறது.

*

இங்கிலாந்திலும் இதே சிக்கல். முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டியது 1649 ஜனவரி 30 என்பது அன்றைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கு. இன்றைய கணக்கில் அது பிப்ரவரி 9. குளிரில் நடுங்கினால் பயத்தில் நடுங்குவதாக ஜனங்கள் நினைத்துவிடக் கூடாது என்று அவர் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு போனார். 12 ஆண்டு கழித்து, முடியாட்சி திரும்பியதும், ஆலிவர் கிராம்வெல்லின் பிணத்தைத் தோண்டியெடுத்து டைபர்னில் தூக்கில் தொங்கவிட்டார்கள். அதற்கென்றே தேர்ந்தெடுத்த நாள், 1661 ஜனவரி 30. நினைவுநாள் என்பது அஞ்சலிக்கு மட்டும் என்று நாம் நினைக்கிறோம். பழி தீர்க்கவும் தேதி பார்ப்பார்கள்.

*

ஜெர்மனி. 1933 ஜனவரி 30: ஹிட்லர் பிரதமரானார். அதன்பின் ஆண்டுதோறும் அன்று விழா, பேச்சு. 1939இல் அதே நாள் ரைக்ஸ்டாக்கில் நின்று, உலகப் போர் வந்தால் ஐரோப்பாவின் யூத இனம் அழிந்துபோகும் என்று வெளிப்படையாகவே மிரட்டினார். 1943இல் பத்தாம் ஆண்டு விழாவில் விமானப்படைத் தளபதி கோரிங் வானொலியில் பேச வேண்டிய நேரம் பார்த்து பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லின்மேல் பறந்தன. 1945இல் ஹிட்லரின் கடைசி வானொலி உரையும் இதே நாள்.

அன்றிரவே பால்டிக் கடலில் வில்ஹெல்ம் குஸ்ட்லாஃப் என்ற கப்பலை சோவியத் நீர்மூழ்கி எஸ்-13 மூழ்கடித்தது. கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து ஓடிவந்த அகதிகள் அந்தக் கப்பலில் நெருக்கியடித்து நின்றார்கள். இறந்தவர்கள் 9,000க்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும் பகுதி குழந்தைகள். டைட்டானிக்கைத் தெரிந்த அளவுக்கு இதை யாருக்கும் தெரியாது. கப்பலுக்குப் பெயர் கொடுத்த நாஜித் தலைவர் குஸ்ட்லாஃப் பிறந்தது 1895 ஜனவரி 30. குந்தர் கிராஸ் இந்தத் தேதிப் பின்னலை வைத்தே 2002இல் ஒரு நாவல் எழுதினார். தேதிகள் இப்படி வந்து கூடுவது தற்செயல்தான். ஆனால் ஒரு கூட்டம் ஒரு நாளைத் தன் வெற்றிநாள் என்று ஆண்டுக்கு ஆண்டு பூசை செய்துவரும்போது, அதே நாளில் அதன் தோல்வியும் பதிந்தால் அந்தத் தற்செயலைக் கவனிக்காமல் போக முடியாது.

*

1972. வட அயர்லாந்தின் டெரி. விசாரணையின்றிச் சிறையில் அடைப்பதை எதிர்த்து ஊர்வலம். பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள், பின்னர் ஒருவர். சில வாரங்களில் முடிந்த முதல் விசாரணை படையினரைப் பெரும்பாலும் காப்பாற்றியது. இறந்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று அரசே ஒப்புக்கொள்ள 2010 ஆயிற்று. 38 ஆண்டு அந்தக் குடும்பங்கள் விடாமல் கேட்டன. அவர்களைத்தான் வணங்கத் தோன்றுகிறது.

*

ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் கணக்காளர் படிப்பு, அமெரிக்காவில் சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் வரவு செலவை ஆராய்ந்து, இந்தியா ஏழையானது எப்படி என்று எழுதினார். அதை எடுத்துக்கொண்டு 1929இல் சபர்மதி போனவர் பின்பு காந்தியின் ஆளாகவே ஆகிவிட்டார். கோட்டு சூட்டு போய்க் கதர் வந்தது. கணக்கில் கறார் மட்டும் போகவில்லை. 1934 பீகார் நிலநடுக்க நிவாரண நிதிக்குக் கணக்கு அவர் பொறுப்பு. ஊழியர்களுக்கு வகுத்த படிக்கு மேல் காந்தியோடு வந்தவர்களுக்கும் தரமுடியாது, பெட்ரோல் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார் என்பார்கள்.

அதே ஆண்டு கடைசியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம். வார்தாவில் மகன்வாடி. கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு. இன்று நகரத்துக் கடைகளில் மும்மடங்கு விலைக்கு விற்கும் பொருள்களை அன்று அவர் ஏழை வீட்டு உணவாகக் காப்பாற்றப் பாடுபட்டார். அரிசி ஆலை வந்தால் தவிடு போகும், சத்து போகும், நெல் குத்தும் பெண்ணின் கூலியும் போகும். மூன்றையும் ஒரே கணக்கில் வைத்தார். அதுதான் குமரப்பாவின் பொருளாதாரம்.

சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலை எழுதினார். இயற்கையில் ஐந்து வகை வாழ்க்கையைக் காண்கிறார். ஆட்டை அடிக்கும் புலி. தோப்பில் மாங்காய் பறித்துப் போகும் குரங்கு. தானே கூடு கட்டும் பறவை. கூட்டமாய்ச் சேர்த்துவைக்கும் தேனீ. எல்லாவற்றுக்கும் மேலே, பலன் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை கொண்டுவரும் தாய்ப்பறவை. சமூகமும் முதல் படியிலிருந்து கடைசிப் படிக்குப் போக வேண்டும் என்பது அவர் கோரிக்கை. பின்னாளில் பொருளியலாளர் ஷூமாகர் ‘சிறியதே அழகு’ நூலில் அவரைக் கையாண்டார். உலகம் ஷூமாகரைப் படித்தது. நாம் குமரப்பாவை இன்னும் சரியாகப் படிக்கவில்லை.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். உழுகிறவனுக்கு நிலம், நிலத்துக்கு உச்சவரம்பு என்று 1949இல் அறிக்கை தந்தார். நாட்டின் போக்கோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். குடிசையில் காந்தி படத்தோடு ஒரு ஏழை விவசாயியின் படமும் இருந்ததாம். காந்தி தம் ஆசான், அந்த விவசாயி ஆசானுக்கும் ஆசான் என்று வந்தவர்களிடம் காட்டுவாராம். 1960 ஜனவரி 30இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். காந்தி போய்ச் சரியாக 12 ஆண்டு.

*

சி. சுப்பிரமணியம். 1910 ஜனவரி 30, பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையம். ராஜாஜி, காமராஜர் மந்திரிசபைகளில் நிதியும் கல்வியும் பார்த்தவர். 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தபோது அந்தத் துறைகளில் இருந்தவர் அவர்தான்.

1964இல் பிரதமர் சாஸ்திரி அவருக்கு உணவு, விவசாயத் துறையைத் தந்தார். யாரும் விரும்பாத துறை. அடுத்து இரண்டு ஆண்டு வறட்சி. வாரம் ஒரு வேளை சாப்பாட்டை விடும்படி பிரதமரே கேட்டுக்கொண்ட காலம். 1966இல் வெளிநாடுகளிலிருந்து, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து, வந்து இறங்கிய தானியம் ஏறத்தாழ ஒரு கோடி டன். அமெரிக்க அதிபர் ஜான்சன் கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல், இந்தியாவைக் காக்கவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார். அந்த அவமானத்தை நினைத்துப் பார்க்காமல் பசுமைப் புரட்சியைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள், வேளாண் செயலாளர் பி. சிவராமன், மெக்சிகோவிலிருந்து நார்மன் போர்லாக்கின் குட்டைரகக் கோதுமை. எதிர்ப்பு பலமாக இருந்தது. வெளிநாட்டு விதை, உரத்துக்கு அந்நியச் செலாவணி, பணக்கார விவசாயிக்கே பலன் என்று மூன்று பக்கத்துக் கேள்விகள். அவர் தம் தில்லி பங்களாப் புல்வெளியை உழுது அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார். 1966இல் 18,000 டன் விதை இறக்குமதி. 1964-65இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை 1967-68இல் 1.65 கோடி டன் ஆயிற்று.

அந்த அறுவடைக்கு முன்பே, 1967 தேர்தலில், அவர் தோற்றுவிட்டார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம் தமிழகத்தை உலுக்கிய தேர்தல் அது. நாட்டின் உணவு அமைச்சர் அரிசித் தட்டுப்பாட்டின் தேர்தலில் தோற்றார். 1998இல் பாரத ரத்னா கிடைத்தது.

*

குமரப்பா இறந்தபோது சுப்பிரமணியத்துக்குச் சரியாக 50 வயது நிறைந்தது. இருவருக்கும் இடையே நடந்திருக்க வேண்டிய விவாதத்தைக் காலம் நடக்கவிடவில்லை. நான் எந்தப் பக்கம்? 1966இல் நின்றால் சுப்பிரமணியத்தின் பக்கம்தான் நிற்பேன். பட்டினியின் முன் மண்ணின் நலத்தைப் பேசி உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் பஞ்சாபின் கீழிறங்கும் நிலத்தடி நீரையும், ரசாயன உரத்தை நம்பியே விளையும் காவிரிப் படுகை வயல்களையும் பார்க்கும்போது குமரப்பாவின் கேள்விகள் ஒன்றுவிடாமல் திரும்பி வருகின்றன. விதை யாருடையது, உரம் எங்கிருந்து, விளைச்சலின் லாபம் யாருக்கு? சுப்பிரமணியமே தம் கடைசி ஆண்டான 2000இல், தொண்ணூறு வயதில், சிறு விவசாயிகளுக்காக நேஷனல் அக்ரோ ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். முதல் புரட்சியில் விட்டுப்போனவர்களைத் தேடிப் போனார் என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

*

2020 ஜனவரி 30. ஊஹானிலிருந்து திரிச்சூர் வந்த மருத்துவ மாணவி ஒருவருக்குக் கொரோனா உறுதியானது. நாட்டின் முதல் தொற்று. அன்றே ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது. இரண்டு மாதத்தில் ஊரடங்கு. புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். ரேஷனில் இலவச அரிசி கொடுக்க முடிந்தது என்றால், அதற்குக் கிடங்குகளில் நெல்லும் கோதுமையும் மலையாகக் கிடந்தது காரணம். அந்தக் கிடங்குகளை நடத்தும் இந்திய உணவுக் கழகம் சுப்பிரமணியம் அமைச்சராக இருந்தபோது பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் 1965 ஜனவரி 14இல் திறந்தது குமரப்பா பிறந்த தஞ்சாவூரில். கிடங்கு நிறைந்திருந்தும், குடும்ப அட்டை ஊரில் இருந்ததால் அரிசி வாங்க முடியாமல் நடந்தவர்கள் லட்சக்கணக்கில்.