பலாமரத்தைப் பற்றி எழுது

பேனா நண்பருக்குக் கடிதம் எழுதச் சொல்லித் தாளைக் கொடுத்தால், பிள்ளைகள் ‘அன்புள்ள நண்பருக்கு’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தவிப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தெரணியகலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் அதற்கு முன்பே, தாளின் மேல் மூலையிலேயே நின்றுவிடுவதை ஆசிரியனாக இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். முகவரி எழுத வேண்டிய இடம் அது.

பெயர் எழுதலாம். அதற்குக் கீழே என்ன எழுதுவது? வரிசை வீடுகளான லயத்துக்கு இலக்கம் உண்டு, அதில் ஒரு குடும்பம் இருக்கும் காம்பராவுக்கும் உண்டு. ஆனால் அந்த இலக்கங்கள் தோட்டத்து ஆபீசின் பதிவுக்கு மட்டும்தான். தபாலுக்கு வேண்டிய தெருவும் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை. அப்பாவின் பெயர், பணியக்கணக்கு அல்லது மேற்கணக்கு என்ற பிரிவு, தோட்டத்தின் பெயர், கடைசியில் தபால் கந்தோரின் பெயர். அந்தத் தோட்டத்தில் இருக்கும் அத்தனை குடும்பத்துக்கும் இதுதான் முகவரி. கடிதம் முதலில் ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படும், அல்லது காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்படும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த பிறகு வந்து சேர்ந்த கதை இல்லாத தோட்டம் குறைவு.

1874-இல் பேர்ண் நகரில் கூடிய நாடுகள், இன்று உலகத் தபால் ஒன்றியம் எனப்படும் அமைப்பைத் தொடங்கியபோது, தாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே தபால் பிரதேசம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டன. மனிதர் எழுதிய ஒப்பந்தங்களில் இவ்வளவு பெருந்தன்மையானதை நான் அதிகம் கண்டதில்லை. அதனால்தான் பின்லாந்தில் ஒட்டிய முத்திரைக்கு எட்டியாந்தோட்டையிலும் மதிப்பு இருக்கிறது. அந்த ஒரே பிரதேசம் தபால் கந்தோரின் படியோடு முடிந்து, அங்கிருந்து லயம் வரைக்குமான ஒற்றையடிப் பாதை மட்டும் அதில் சேராமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பாதையையும் தாண்டிச் சில கடிதங்கள் வந்தன. பீஜிங்கிலிருந்து 1963 முதல் தமிழில் ஒலிபரப்பான வானொலியும் மணிலாவின் வேரித்தாசும் நேயர்களுக்குப் பதில் எழுதின. வெளிநாட்டு முத்திரை ஒட்டிய உறையைப் பல பிள்ளைகள் முதன்முதலாகத் தொட்டது அப்படித்தான். பின்லாந்தின் துர்க்கு நகரில் 1952-இல் தொடங்கிய சர்வதேச இளைஞர் சேவை, பள்ளிக்கூடங்கள் வழியாகப் படிவம் வாங்கி, உலகத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் முகவரியை இன்னொருவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2008-இல் அது மூடப்பட்டது. முகவரியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதுதான் அவர்கள் செய்த வேலை. மற்றதைப் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள்.

பார்த்துக்கொள்ள விட்டோமா என்பதுதான் என் கேள்வி. வகுப்பில் எழுதப்படும் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: எங்கள் நாடு இந்து சமுத்திரத்தில் உள்ளது, தேசிய மலர் நீலோற்பலம், நாங்கள் தைப்பொங்கல் கொண்டாடுவோம். எல்லாம் உண்மை. ஆனால் எந்தப் பிள்ளை எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாது. மலையகப் பிள்ளைகளைப் பிறர்தான் எப்போதும் வர்ணித்து வந்திருக்கிறார்கள். தேயிலைப் பெட்டியின் மேல் சிரிக்கும் பெண்ணின் படத்தை அவள் கேட்டு யாரும் போடவில்லை. துரைமார் எழுதினார்கள், ஆய்வாளர்கள் எழுதினார்கள், படம் பிடித்தார்கள். மலையகம் என்றதும் ஹட்டனும் நுவரெலியாவும் நினைவுக்கு வருகிறவர்களுக்குக் கேகாலையையும் இரத்தினபுரியையும் தனியாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளை தன் ஊரைத் தானே சொல்லக் கிடைக்கும் முதல் சந்தர்ப்பத்தைத் தேசிய மலருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

எதைச் சொல்லலாம்? ரப்பர் விதையைச் சொல்லலாம். பருவம் வந்ததும் வெயிலில் காய் சடார் என்று வெடிக்கும். கூரைத் தகரத்தில் விதை விழுந்தால் கல்லெறிந்த மாதிரிச் சத்தம் கேட்கும். ஒரு காயில் மூன்று விதை. வழவழப்பான சாம்பல் பழுப்பு ஓட்டில் கருஞ்சிவப்புப் புள்ளியும் கோடுமாகக் கோலம். அந்தக் கோலம் மரத்துக்கு மரம் வேறு. ஒரே தாய்மரத்து விதை எல்லாவற்றிலும் அது ஒரே மாதிரி இருக்கும். நிபுணர்கள் அதைப் பார்த்துத் தாய்மரத்தின் இனத்தைச் சொல்வார்கள். எங்கள் பிள்ளைகளும், எது மேட்டு மரத்து விதை, எது ஓடைக்கரை மரத்து விதை என்று சொல்வார்கள். ஆனால் அவர்களுக்கு விதையின் முக்கியமான பயன் வேறு. சீமெந்துத் தரையில் அதை நாலு இழுப்பு இழுத்தால் நெருப்பாகச் சுடும். பக்கத்தில் இருப்பவனின் முழங்கையில் வைத்தால் அவன் துள்ளுவான்.

அந்த விதைக்கும் ஒரு பயணக் கதை உண்டு. ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் 1876-இல் அமேசன் காட்டில் பொறுக்கிக் கப்பலேற்றிய விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்தக் கன்றுகள் அதே ஆண்டில் கம்பஹாவின் ஹேனரத்கொட பூங்காவுக்கு வந்தன. அங்கிருந்து பெருகி களனிப் பள்ளத்தாக்கெல்லாம் ரப்பர் ஆனது. பால் வெட்டுவதற்கு ஆட்கள் மதுரை, திருச்சி, சேலம் என்று கடல் கடந்து வந்தார்கள். விடிவதற்குள் மரத்தடிக்குப் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். முன் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, பட்டையில் மெல்லிய சீவல் ஒன்றைச் சரிவாக எடுத்து, அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. கேகாலையில் மழைக்கா பஞ்சம்! பால் வெட்டும் வீட்டுப் பிள்ளைக்கு வானத்தைப் பார்த்தே அந்த மாதச் சம்பளம் தெரியும். இதைக் கனடாவின் கியூபெக்கில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு எழுதினால், அது வியந்து பாராட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஊரிலும் மேப்பிள் மரத்தைத் துளைத்துப் பால் எடுப்போம், நாற்பது லீற்றர் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகு கிடைக்கும் என்று பதில் எழுதும். மரத்தடியில் பாத்திரம் வைத்துக் காத்திருப்பது என்றால் என்னவென்று இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும்.

கடிதம் எழுதுவது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்கள் லயத்தின் தொங்கல் காம்பராவில் இருந்த ஒரு அப்பாயி. அவருடைய மகள் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள். 1964-இல் கொழும்புக்கும் டில்லிக்கும் இடையில் நடந்த ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்தக் கணக்கில் தாய் இந்தப் பக்கம், மகள் அந்தப் பக்கம். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் கர்நாடகத்துச் சுள்ளியாவில் ரப்பர் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தாள் மகள்.

லயத்தில் பள்ளிக்கூடம் போகிற பையன் நான். அதனால் அப்பாயிக்கு எழுத்தாளனும் நான்தான். வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்வார். நான் ‘நலம், நலமறிய அவா’ என்று தொடங்கினால், “அதெல்லாம் அவளுக்குத் தெரியும் தம்பி, பலாவைப் பத்தி எழுது” என்பார். ஓடைக்குப் போகும் வழியில் நின்ற பலாமரத்தைத்தான் சொன்னார். இந்த வருசம் எத்தனை பிஞ்சு, எந்தக் கிளையில், குரங்கு எத்தனையைக் கெடுத்தது எல்லாம் எழுத வேண்டும். பிறகு ஆட்டுக்குட்டி. பிறகு புதுக் கணக்கப்பிள்ளை எப்படிப்பட்டவர், அவர் குடை என்ன நிறம். மாரியம்மன் திருவிழாவில் யார் காவடி எடுத்தது, யாருக்கு அருள் வந்தது, யாருக்கு வராமல் போனது. காமன் கூத்தில் ரதியாக வேசம் கட்டிய பையனுக்குக் காய்ச்சல் வந்து அவன் தம்பி ஆடியது. தன் உடம்பைப் பற்றி ஒரு சொல் சொல்ல மாட்டார். நீல வான்கடிதத்தில் இடம் முடிந்து, மடிப்பின் ஓரங்களில் நான் நுணுக்கி எழுதும்போதும் அவருக்கு ஏதாவது மிச்சம் இருக்கும்.

பதில் வரும். நான்தான் வாசிப்பேன். அங்கேயும் அதே மரம், அதே கத்தி, அதே பால், ஆனால் மரத்துக்குக் கீழே பேசுவது வேறு பாசை என்று எழுதியிருந்தாள் மகள். சிலோன்காரர்கள் என்று தங்களைக் கூப்பிடுகிறார்களாம். பலாவைப் பற்றி அவளும் கேட்டிருந்தாள், எந்தக் கிளை என்பது வரைக்கும்.

தாய்க்கும் மகளுக்கும் தபால் போல வேறு எதுவும் உதவியிருக்காது என்று இப்போது நினைக்கிறேன். அவளைப் போல் அந்தப் பக்கம் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில், கேரளத்துப் புனலூர் ரப்பர் தோட்டங்களில், கர்நாடகத்துச் சுள்ளியா, புத்தூரில். வெளிநாட்டுப் பேனா நண்பர் என்றதும் நம் பள்ளிகள் ஐரோப்பாவைத் தேடுகின்றன. தேடட்டும், அதுவும் நல்லது. ஆனால் தெஹியோவிட்டையிலோ இறக்குவானையிலோ இருக்கும் பிள்ளை, சுள்ளியாவில் இருக்கும் பிள்ளைக்கு ஏன் எழுதக் கூடாது? அதுவும் சர்வதேசக் கடிதம்தானே. இரண்டு பிள்ளைகளின் பாட்டிமாரும் ஒரே பெரட்டில் நின்றிருக்கக்கூடும்.

சிக்கல் ஒன்று உண்டு. சுள்ளியாப் பிள்ளை படிப்பது கன்னடத்தில். வீட்டில் தமிழ் பேசும், எழுத்துத் தெரியாது. கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்த சப்ரகமுவவிலும் தமிழ்ப் பள்ளி தூரமாக இருப்பதால் சிங்களத்தில் படிக்கும் பிள்ளைகள் கொஞ்சம் அல்ல. அப்படியென்றால் ஒரே பேச்சைப் பேசுகிற இருவர், ஒருவர் எழுத்தை ஒருவர் வாசிக்க முடியாமல் இருப்பார்கள். இதைக் காரணம் காட்டி விட்டுவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. விதையைத் தபாலில் போட முடியாது, தாவர நோய்த் தடுப்புச் சட்டம் விடாது. விதையின் கோலத்தை வரைந்து அனுப்பலாம். ரப்பர் இலையைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நரம்பெல்லாம் அப்படியே விழும். தமிழில் நாலு வரி எழுதினால் போதும், வாசித்துக் காட்ட வீட்டில் யாராவது ஒரு பெரியவர் இருப்பார். கேட்பதற்கு அவரிடமும் நிறைய இருக்கும், அந்தப் பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். இந்தப் பக்கத்து ஆசிரியர் செய்ய வேண்டியது, தோட்டத்து ஆபீசில் பேசி, பிள்ளையின் பெயருக்கு வரும் கடிதத்தைத் தாமதிக்காமல் பள்ளிக்கு அனுப்ப ஏற்பாடு செய்வது. முகவரிக்குப் பள்ளிக்கூடத்தின் பெயரையே போட்டுக்கொள்ளலாம், லயத்துக்குச் சொந்த முகவரி வரும் வரைக்கும்.