கட்டுப்பாடா, பட்டினியா?

2024 ஆகஸ்ட் 7. பாரிஸ் ஒலிம்பிக் மல்யுத்த இறுதிப் போட்டிக்கு முன் வினேஷ் போகத்தின் எடையைப் பார்த்தார்கள். 50 கிலோ பிரிவில் 100 கிராம் அதிகம். பதக்கம் பறிபோனது. முந்தைய இரவு முழுக்கச் சாப்பாடு, தண்ணீர் இல்லாமல் உடற்பயிற்சி செய்தார், தலைமுடியைக்கூட வெட்டினார்கள். அப்படியும் அந்த 100 கிராம் இறங்கவில்லை.

அது போட்டி விதிக்காகச் செய்த எடைக்குறைப்பு, நோய் அல்ல. போட்டி முடிந்த பிறகும் எடை மெஷின் மனதைவிட்டு நகராமல் இருந்தால்தான் சிக்கல். அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச்சிடம் நடுவர் ஒருவர், 'எடையைக் குறை' என்றாராம். அதிலிருந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனவர், 1994-ல் தன் 22-வது வயதில் இறந்துபோனார்.

காரைக்குடிப் பக்கம் வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கமே கிடையாது. அந்த ஊரிலும் ஓட்டப்பந்தயத்துக்குப் போகும் பேத்தி, "பணியாரம் வேணாம் அப்பத்தா, அடுத்த வாரம் போட்டி இருக்கு" என்றால் வீடே பெருமைப்படும். மற்ற பிள்ளை தட்டை ஒதுக்கினால் உடனே விசாரிப்போம். விளையாடும் பிள்ளை ஒதுக்கினால், 'என்ன கட்டுப்பாடு!' என்று பாராட்டுவோம். நோய் ஒளிந்துகொள்வது அந்தப் பாராட்டுக்குப் பின்னால்தான்.

எடைப் பிரிவு உள்ள மல்யுத்தம், குத்துச்சண்டை. தோற்றத்தையும் பார்க்கும் ஜிம்னாஸ்டிக். உடல் லேசாக இருந்தால் வேகம் கூடும் என்று நம்பும் நெடுந்தூர ஓட்டம்... இவற்றில் ஆபத்து அதிகம். பயிற்சியாளரின் ஒரு கிண்டல் போதும். எதையும் விடாப்பிடியாகச் செய்யும் குணம்தான் பிள்ளையை ஜெயிக்கவைக்கிறது. பட்டினியிலும் அதே விடாப்பிடிதான்.

செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்காவிட்டால், உடல் மிச்சம்பிடிக்க ஆரம்பிக்கும். மாதவிடாய் நிற்கும். எலும்பு பலவீனமாகி விரிசல் விடும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதை எச்சரித்தது. ஆண்களுக்கும் வரும் என்றது. பார்ப்பதற்கு ஒல்லியாக இல்லாதவர்களுக்கும் வரலாம்.

மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லையா? 'பயிற்சி ஜாஸ்தி, அதனாலதான்' என்று விட்டுவிடாதீர்கள். தனியாகச் சாப்பிடுவது, சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுவது, காயத்தோடும் பயிற்சிக்குப் போவது... இவற்றையும் கவனியுங்கள். திட்டியோ, வற்புறுத்தி ஊட்டியோ பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். அடுத்த போட்டி முடியட்டும் என்று மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.