கல் கட்டிய புடலை

மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணையைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று அப்பா தினமும் விசாரித்துக்கொண்டிருப்பார். அப்பாயிக்கு அந்தக் கவலையே கிடையாது. அவளுடைய கொல்லைக்குப் பாசனம் கிணற்றடியிலிருந்து. நாங்கள் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வெண்டைக்கும் கத்தரிக்கும் ஓடும். வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் பயிர் வாடியதில்லை.

ஆடி பிறந்ததும் விதைப்பானை இறங்கும். அவரையும் பீர்க்கும் சாம்பலில் புரண்டு கிடக்கும். புடலைக்கு மட்டும் தனி மரியாதை. நன்றாக நீண்ட காய் ஒன்றைக் கொடியிலேயே விட்டு, செக்கச்செவேலென்று பழுத்ததும் அறுத்து அடுப்படி உத்தரத்தில் கட்டிவிடுவாள். புகையேறி வற்றிய அதைப் பிய்த்து விதையெடுப்பது என் வேலை. கையெல்லாம் கரி.

பந்தலுக்கு ஒதியம்போத்துதான் கால். ஊன்றிய கொஞ்ச நாளில் அதுவும் துளிர்த்துவிடும். புடலைப் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் வாழைநாரில் சின்னக் கல்லாகப் பார்த்துக் கோத்து நுனியில் தொங்கவிடுவாள். பெரிய கல்லானால் பிஞ்சு அறுந்துவிடும். கல் கட்டாவிட்டால் காய் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான்; ருசியில் மாற்றமில்லை. சுருண்ட காயை நறுக்க அம்மா படும் பாட்டை நினைத்து அப்பாயி கல் கட்டினாள் என்று நான் நம்பவில்லை. நேராகத் தொங்கினால் பார்க்க அழகு, அதற்காகத்தான்.

புடலைப்பூ பகலில் ஒன்றுமில்லாதது. ராத்திரி சாப்பிட்டுக் கைகழுவப் போகும்போதுதான் விரிந்திருக்கும். பிரித்துவிட்ட பஞ்சுநூல் மாதிரி வெள்ளை இதழோரங்கள். லாந்தரைத் தூக்கிப் பிடித்தால் அந்துப்பூச்சிகள் பறக்கும். “வெளக்க கீழ எறக்குடா, அதுக வேலய பாக்கட்டும்” என்பாள். அந்துப்பூச்சி வந்தால்தான் காய் பிடிக்கும் என்பது அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

பிஞ்சைப் பார்த்து விரல் நீட்டினாலோ கையில் ஓர் அடி விழும். சுட்டிக்காட்டினால் அழுகிவிடுமாம். அழுகியவை, மழை நாளில் பூ நனைந்து மகரந்தம் சேராதவை. அந்தப் பழியும் என் விரல்மேல்தான் வந்தது.

பரங்கியை நாங்கள் விதைத்ததே இல்லை. ஐப்பசி மழையில் குப்பைமேட்டில் தானாக முளைத்து, மார்கழிக்குச் சரியாகப் பூத்துவிடும். கோலத்தில் சாணிப்பிள்ளையாருக்குச் செருக, தெருப் பெண்கள் விடியுமுன் எங்கள் கொல்லையில் நிற்பார்கள். அப்பாயி வாசல்படியிலிருந்தே அதட்டுவாள்: “காம்பு நீளமா இருக்குறத பறிங்கடி. அடியில உருண்டையா இருந்தா அது பொட்டப்பூ, தொடாதீங்க.” ஆண்பூவையும் மொத்தமாகப் பறிக்க விடமாட்டாள். வண்டுக்கு என்று நாலைந்து கொடியிலேயே நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பூ வாடி மூடிக்கொள்ளும். அதற்குள் வண்டு வந்து போயாக வேண்டும்.

அதே பனியில்தான் அவரையும் பூக்கும். ஆடியில் போட்ட நாட்டு அவரை, பகல் குறுகும்வரை இலையும் கொடியுமாகவே படர்ந்து எங்கள் பொறுமையைச் சோதிக்கும். பூ வந்ததும் பின்னாலேயே அசுவினி வரும். பனி காயுமுன் அடுப்புச்சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டு போய்த் தூவுவோம். ஈரத்தில்தான் சாம்பல் ஒட்டும் என்பதால் தூக்கத்திலிருந்து எழுப்பப்படுவேன். தும்மல் எனக்கு, அவரைக்காய் ஊருக்கு.

ஆமாம், ஊருக்குத்தான். காய் எதையும் அவள் விற்றதில்லை. சைக்கிளில் வந்த வியாபாரி பந்தலைப் பார்த்து விலை பேசியபோது, மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். பக்கத்து வீடுகளுக்கு முறத்தில் போகும் காய்க்குப் பதிலாகப் புளியோ முருங்கைக்கீரையோ அதே முறத்தில் வரும். தையில் மட்டும் சிக்கல். எல்லார் கொல்லையிலும் பரங்கி விளைந்து கிடக்க, எங்கள் கீற்றை வாங்கிக்கொள்ள ஆளிருக்காது. பால்கூட்டு, புளிக்குழம்பு, பொரியல் என்று அம்மாவும் மாற்றி மாற்றித்தான் பார்த்தாள். அப்பா ஒருநாள் இலையைப் பார்த்ததும், வயலில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டார். அறுப்பு முடிந்திருந்த வயல்.