மூச்சு வாங்கும் எஞ்சின்

பழைய ஸ்னோமொபைல் எஞ்சின் மக்கர் பண்ணினால், எல்லோர் கையும் முதலில் கார்புரேட்டருக்குத்தான் போகும். பாதி நேரம் அது சரியான இடம்தான். மீதிப் பாதியைப் பற்றியது இது.

என்னிடம் ரிப்பேருக்கு வந்தது எழுபதுகளில் செய்த ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் வண்டி. கயிற்றை இழுத்தால் கிளம்பிவிடும். ஆனால் ஐடிலிங் ஏறி இறங்கும். த்ராட்டில் கொடுத்தால் திணறும். பாதி சோக் போட்டால் தேவலை. த்ராட்டிலை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் சற்று நேரம் அலறிக்கொண்டே இருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். பழுப்பாக இருக்க வேண்டிய பீங்கான் வெளேரென்று இருந்தது. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம்.

கம்ப்ரஷன் நன்றாகவே இருந்தது. ஸ்பார்க்கும் பளிச்சென்று நீலமாக வந்தது. கார்புரேட்டரைப் பிரித்தால், தலைமுடி பருமனே உள்ள பைலட் ஜெட் துளையைப் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்து அடைத்திருந்தது. சுத்தம் செய்து பூட்டியதும் ஐடிலிங் சீரானது. அந்த அலறல் மட்டும் போகவில்லை.

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது அது கலவையை உள்ளே இழுக்கிறது. கீழே வரும்போது அழுத்தி சிலிண்டருக்கு ஏற்றுகிறது. அந்த அழுத்தத்தைக் காப்பவை கிராங்க் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்துவிட்டுக் கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றினேன். முள் நிற்காமல் இறங்கியது. ஃப்ளைவீலைக் கழற்றி, சீலைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவினேன். ஓர் ஓரத்தில் மட்டும் குமிழிகள் கிளம்பி, பெருத்து, உடைந்தன. ரப்பர் விறைத்துப்போய் ஷாஃப்டைக் கவ்வும் பிடியை இழந்திருந்தது.

அந்தக் கசிவு ஒன்றே பல கேடுகளைச் செய்யும். கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். பெட்ரோல் பம்ப் வேலை செய்வதும் கிராங்க்கேஸின் துடிப்பால்தான். துடிப்பு தளர்ந்தால் பெட்ரோல் வரத்தும் குறையும். இந்த எஞ்சினில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே வருவதால் அதுவும் குறையும். சூடு ஏறி, கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பெரிய மெயின் ஜெட் போட்டு இதைச் சரிக்கட்டுபவர்கள் உண்டு. கடுங்குளிரில் காற்றின் அடர்த்தி கூடுவதால் ஜெட்டைப் பெரிதாக்குவது நல்ல வழக்கம்தான். ஆனால் சீல் கசிவுக்கு அதைச் செய்வது, காரணம் பாராமல் ஜுரத்துக்கு மாத்திரை போடுவது. கசிவு வளரும், ஜெட் வளராது. கம்ப்ரஷன், ஸ்பார்க், பெட்ரோல், காற்றுக் கசிவு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், இந்த வண்டியின் வரலாறு அப்படி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், வால்கூர் என்ற ஊரில் இருந்த ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே, 1934 குளிர்காலத்தில் தம் இரண்டு வயது மகனை இழந்தார். பனி மூடிய பாதையில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. 1937-இல் ஏழு பேர் ஏறும் பி7 பனிவண்டியைக் கொண்டுவந்தார். 1959-இல் அவருடைய ஸ்கி-டூ ஸ்னோமொபைல் வந்தது. பனியில் யாரும் சிக்கிக்கொள்ளக் கூடாது என்ற தவிப்பு இந்த வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. அதை, "கிளம்புகிறதே, போதும்" என்று உறைந்த ஏரிக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. போனவர் அதே வண்டியில் திரும்பி வருவார் என்று துணிந்து சொல்ல முடிந்தால்தான் ரிப்பேர் முடிந்ததாகக் கணக்கு.