இரு தண்டவாளங்கள் சந்தித்த ஊர்

மெல்பர்ன் நகரில் காலையில் ஏறிய புகைவண்டி, புல்வெளிகளையும் ஆட்டு மந்தைகளையும் கடந்து ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஓடிய பின், மர்ரே ஆற்றுப் பாலத்தின் மேல் சற்றே வேகம் தணித்து, ஆல்பரி நிலையத்தில் நின்றது. இறங்கிய நாம் கண்ட முதற்காட்சி, முடிவே இல்லாததுபோல் நீண்டு கிடந்த நடைமேடைதான். அளவு ஏறத்தாழ 450 மீட்டர். அவ்வூரோ நமது தாலுகா தலைநகர் ஒன்றின் அளவே இருக்கும்.

நம்மை அழைத்துச் செல்ல வந்திருந்தவர் நமது குருமடத் தோழர். பல ஆண்டுகளாக அந்த எல்லைப்புறத்தில் பங்குப்பணி ஆற்றிவருபவர். "என்ன சாமி, இந்தச் சிற்றூருக்கு இத்தனை நீள மேடை எதற்கென்று தெரிகிறதா?" என்று சிரித்தார். தெரியவில்லை என்றோம். "இறங்கிய பக்கம் ஒரு நாடு, ஏறிய பக்கம் வேறு நாடு. அதற்காகத்தான்" என்றார்.

அவர் சொன்னது விளையாட்டன்று. 1901 சனவரி முதல் நாள் வரையில் ஆஸ்திரேலியா என்று ஒரு நாடு இருந்ததில்லை. அப்பெயர் கொண்ட கண்டம் இருந்தது. அதில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து, தென் ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, கடலுக்கு அப்பால் தாஸ்மேனியா என ஆறு பிரிட்டிஷ் குடியேற்றங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆளுநர், சட்டமன்றம், தபால்தலை, சுங்கவரி. மர்ரே ஆற்றின் தென்கரையில் விக்டோரியா. வடகரையில் நியூ சவுத் வேல்ஸ். ஆற்று நீர் முழுவதும் சட்டப்படி வடகரையாருக்கே உரியதாம்! தென்கரையில் தூண்டிலிட்டு அமர்ந்திருப்பவன் விக்டோரியாவில் இருக்கிறான். அவன் தூண்டிலில் சிக்கிய மீனோ அயல்நாட்டு மீன்.

தண்டவாளத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1850-களில் சிட்னியில் இருந்த அயர்லாந்துப் பொறியாளர் ஒருவர் ஐந்தடி மூன்றங்குல அகலப் பாதையே சிறந்தது என்று சொல்ல, அதை நம்பி மெல்பர்ன்காரர்களும் அடிலெய்ட்காரர்களும் அந்த அளவுக்கே ஏற்பாடு செய்துவிட்டார்கள். அவருக்குப் பின் வந்த ஸ்காட்லாந்துக்காரர், நாலடி எட்டரை அங்குலமே தக்கது என்று சிட்னியின் முடிவை மாற்றிவிட்டார். மற்றவர்கள் முறையிட்டும் சிட்னி செவிசாய்க்கவில்லை. குயின்ஸ்லாந்தும் மேற்கு ஆஸ்திரேலியாவும் செலவைச் சுருக்க மூன்றடி ஆறங்குலத்தில் பாதை போட்டுக்கொண்டன. 1883-இல் இரு பாதைகளும் ஆல்பரியில் சந்தித்தன, சேரவில்லை. மெல்பர்னிலிருந்து வந்தவர்கள் நள்ளிரவாயினும் கடுங்குளிராயினும் மேடையின் ஒரு பக்கம் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடும் உறங்கும் குழந்தைகளோடும் மறுபக்கம் நடந்து வேறு வண்டியில் ஏறினர். சுங்க அதிகாரிகள் பெட்டிகளைத் திறந்து பார்த்தனர். ஒரே மொழி, ஒரே அரசி, ஒரே குலம். ஆயினும் ஒரு சகோதரன் மற்றவனிடம் தீர்வை வாங்கினான்.

எழும்பூரில் மீட்டர் கேஜ் வண்டியில் வந்திறங்கி, சென்ட்ரலுக்கு மூட்டை சுமந்து ஓடி அகலப்பாதை வண்டி பிடித்த நம் தலைமுறையினருக்கு இதன் தொல்லையை விளக்கத் தேவையில்லை.

மறுநாள் தோழர் தமது காரில் நம்மைக் கொரோவாவுக்கு அழைத்துச் சென்றார். ஆற்றோரமாகவே மேற்கே ஒரு மணி நேரப் பயணம். அகன்ற தெரு, ஓரத்தில் மர நிழல், அமைதியான ஓர் ஊர். கூட்டாட்சி அவ்வூரில் பிறந்தது என்று அவ்வூரார் பெருமை கொள்கின்றனர். சிட்னிக்காரர்கள் இதை ஒப்புவதில்லை. டென்டர்ஃபீல்ட் என்னும் வடக்கத்தி ஊரும் போட்டிக்கு நிற்கிறது. அங்குதான் 1889 அக்டோபர் 24-ஆம் நாள் நியூ சவுத் வேல்ஸ் முதலமைச்சர் சர் ஹென்றி பார்க்ஸ், குடியேற்றங்கள் யாவும் ஒரே பாராளுமன்றத்தின் கீழ் வரவேண்டுமென முழங்கினார். 1891-இல் சிட்னியில் மாநாடு கூடிற்று. அவ்வாண்டின் பெரிய வெள்ளியன்றும் அடுத்த நாட்களிலும் 'லூசிண்டா' என்ற நீராவிப் படகில், ஹாக்ஸ்பரி ஆற்றின் மேல், குயின்ஸ்லாந்தின் சாமுவேல் கிரிஃபித் முதலானோர் அரசியலமைப்பு வரைவைச் செப்பனிட்டார்கள். உயிர்ப்பு விழாவன்று எந்தக் கோயிலுக்குப் போனார்களோ!

அவ்வரைவு பெட்டிக்குள் உறங்கியது. சட்டமன்றங்களுக்கு அதில் அக்கறை இல்லை. தத்தம் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க எந்த அமைச்சருக்குத்தான் மனம் வரும்? 1893-இல் வங்கிகள் வரிசையாய்க் கதவடைத்தன, வேலையின்மை பரவியது. அந்தச் சூழலில்தான் சூலை 31, ஆகஸ்டு 1 ஆகிய இரு நாட்கள், கொரோவா நீதிமன்றக் கட்டடத்தில் எல்லைப்புறச் சங்கத்தார் கூடினர். தீர்வையால் தினமும் அடிபட்டவர்கள் அல்லவா? பெண்டிகோ ஊர் வழக்கறிஞர் ஜான் குவிக் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். இளமையில் சுரங்கத் தொழிலில் உழைத்து முன்னேறியவர் அவர். அரசியலமைப்பை எழுதுவோரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும். எழுதி முடித்ததை ஏற்பதா, மறுப்பதா என்பதையும் மக்களே வாக்களித்துச் சொல்லட்டும் என்பதே அதன் சாரம். மூடியிருந்த கதவுக்கு அது சாவியாயிற்று. பெரிய மனிதர்கள் பத்தாண்டுகள் பேசித் தீராததற்கு, சுங்கச்சாவடியில் காத்து நின்றவர்கள் வழி கண்டார்கள் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

1897-98-இல் அடிலெய்ட், சிட்னி, மெல்பர்ன் நகரங்களில் மாநாடு மும்முறை கூடியது. தாஸ்மேனியாவின் மக்கள் தொகை நியூ சவுத் வேல்ஸில் எட்டில் ஒரு பங்குதான். தலைக்கு ஒரு வாக்கென்றால் சிறியவன் விழுங்கப்படுவான். குடியேற்றத்துக்கு ஒரு வாக்கென்றால் பெரியவன் ஏமாறுவான். ஆகவே கீழவை மக்கள் தொகைப்படி, மேலவையாகிய செனட்டில் சிறிதும் பெரிதும் சரிசமமாய் ஆளுக்கு ஆறு இடம் என்று முடித்தார்கள். வரவு செலவு மசோதாவில் செனட் எவ்வளவு கை வைக்கலாம் என்பதில்தான் மாநாடு உடையும் நிலைக்கு வந்தது. திருத்தக்கூடாது, திருத்தும்படி கேட்கலாம் என்று சமாதானமாயிற்று.

நம் வாசகர்களுக்கு உவப்பான ஒன்றை இங்கே சொல்லவேண்டும். சிட்னி கர்தினால் மோரன் கூட்டாட்சியை உளமார ஆதரித்தவர். 1897 மாநாட்டுக்கு வேட்பாளராகவும் நின்று, வெற்றி பெறாமற்போனார். ஆயர்கள் தேர்தலில் நிற்பது தகுமா என்று அன்று பெரும் கூச்சல் எழுந்தது. நாமும் நில்லாதிருந்தால் நன்று என்றே எண்ணுகிறோம். ஆனால் அடிலெய்டிலிருந்து வந்த அயர்லாந்துக் கத்தோலிக்கர் பேட்ரிக் மக்மேஹன் கிளின், அரசியலமைப்பின் முகவுரையில் எல்லாம் வல்ல இறைவனின் அருளை நம்பி என்ற கருத்து இடம் பெறவேண்டுமென வாதாடினார். முதலில் தோற்றார், 1898-இல் மெல்பர்னில் வென்றார். உடனே ஹிகின்ஸ் என்ற மற்றோர் உறுப்பினர், இறைவன் பெயரைச் சொல்லி நாளை ஒரு மதத்தை நாட்டின்மேல் சுமத்திவிடுவார்களோ என்றஞ்சி, கூட்டரசு எந்த மதத்தையும் நிறுவவோ தடுக்கவோ கூடாதென்ற விதியைச் சேர்க்கச் செய்தார். அது இன்றும் 116-ஆம் பிரிவாக நிற்கிறது.

1898 சூனில் நான்கு குடியேற்றங்கள் வாக்களித்தன. மூன்று ஏற்றன. நியூ சவுத் வேல்ஸில் ஆதரவு 71,595, எதிர்ப்பு 66,228. பெரும்பான்மைதான். ஆனால் 80,000 ஆதரவு வாக்குகளாவது வேண்டுமென்று அவர்களே விதித்துக்கொண்டதால் தோல்வி! மறு ஆண்டு முதலமைச்சர்கள் கூடி, தலைநகர் நியூ சவுத் வேல்ஸில் அமையும், எனினும் சிட்னியிலிருந்து நூறு மைலுக்கு அப்பால்தான் இருக்கவேண்டும், அது எழும்வரை பாராளுமன்றம் மெல்பர்னில் கூடும் என்று பேரம் முடித்தார்கள். சொத்துப் பிரிக்கும் பங்காளிகளை நமது பங்கிலும் கண்டிருக்கிறோம். இது சேரும் பங்காளிகளின் கணக்கு. அம்முறை தாய்க் குடியேற்றமும் இசைந்தது. குயின்ஸ்லாந்து சிறிய வித்தியாசத்தில் சேர்ந்தது. மேற்கு ஆஸ்திரேலியா கடைசிவரை தயங்கியது. பொன்வயல் மக்கள் பிரிந்துபோவோம் என்று மிரட்டிய பின்னரே, 1900 சூலை 31-இல் 44,800 பேர் ஆம் என்றும், 19,691 பேர் இல்லை என்றும் வாக்களித்தனர். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் சட்டத்துக்கு அதற்கு முன்பே ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆதலால் முகவுரையில் இன்றளவும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெயர் இல்லை. 1933-இல் அவர்கள் மனம் மாறி, பிரிந்துபோக ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வாக்களித்தார்கள்; லண்டன் அம்மனுவை ஏற்க மறுத்தது. நியூசிலாந்தோ 1891 மாநாட்டுக்கு வந்துவிட்டுச் சேராமலே போயிற்று.

1901 புத்தாண்டு நாளன்று சிட்னியின் சென்டெனியல் பூங்காவில் கூட்டரசு பிறந்தது. ஊர்வலத்தில் ஆங்கிலிக்கன் பேராயருக்கே முதலிடம் என்றதால் கர்தினால் மோரன் அதில் கலந்துகொள்ளவில்லை. பார்க்ஸ் 1896-லேயே கண் மூடிவிட்டார்.

இவ்வளவும் மகிழ்ந்து கேட்டுக்கொண்டே வந்த நம்மிடம், கான்பெராவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தோழர் மெல்லச் சொன்னார்: "சாமி, அந்த ஆண்டு நாம் இருவரும் கப்பலில் வந்திருந்தால் இறங்கவிட்டிருக்க மாட்டார்கள்." புதிய பாராளுமன்றம் இயற்றிய முதற் சட்டங்களுள் ஒன்று 1901-ஆம் ஆண்டின் குடியேற்றத் தடைச் சட்டம். அதில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொற்களை அதிகாரி வாசிப்பார். வந்தவன் பிழையின்றி எழுதவேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். ஆங்கிலம் கற்ற இந்தியனுக்கு வேறொரு மொழியில் வாசித்தால் தீர்ந்தது. இச்சோதனை 1958-இல்தான் ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த பசிபிக் தீவு மக்களைத் திருப்பி அனுப்பவும் அதே ஆண்டு சட்டம் செய்தார்கள். ஆறு வீடுகளுக்கு இடையே இருந்த சுவரை இடித்த கற்களைக் கொண்டு, சுற்றிலும் ஒரு மதில் எழுப்பியது போலாயிற்று. மண்ணின் மூத்த குடிகளையோ, மக்கள் தொகையைக் கணக்கிடும்போது சேர்க்கலாகாது என்று அரசியலமைப்பே சொல்லிற்று. அவ்வாசகம் 1967-இல் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாக்கால் நீக்கப்பட்டது. அவர்களுக்குப் பாராளுமன்றத்தில் ஓர் ஆலோசனைக் குரல் வேண்டுமென்று 2023-இல் மீண்டும் கேட்டபோது, ஆறு மாநிலங்களும் இல்லை என்றன.

கான்பெரா ஆடு மேய்ந்த நிலத்தில் எழுந்த நகரம். 1913-இல் பெயர் சூட்டப்பட்டது. நகரை வரைந்த அமெரிக்கர் வால்ட்டர் பர்லி கிரிஃபின் பிற்காலத்தில் நம் நாட்டுக்கு வந்து, 1937-இல் லக்னோவில் இறந்தார். அழகிய நகரம்தான், ஆனால் நாம் தேடிச் சென்றது பழைய பாராளுமன்றத்தின் வெண்ணிறப் படிக்கட்டுகளை. 1927 மே 9-ஆம் நாள் யார்க் கோமகன் அக்கட்டடத்தைத் திறக்க வந்தபோது, விராஜுரி குலத்து முதியவர் ஜிம்மி கிளெமென்ட்ஸ், தொலைவிலிருந்து நடந்தே வந்து, வெறுங்காலோடும் தம் நாய்களோடும் அங்கே நின்றார். உடை சரியில்லை என்று காவலர் அவரை விலகச் சொன்னார். கூட்டம் அதை ஏற்கவில்லை. கூட்டத்திலிருந்த குருவானவர் ஒருவர் எழுந்து, இங்குள்ள எவரையும்விட இப்படிகளில் நிற்க இம்மனிதருக்கே உரிமை அதிகம் என்று உரக்கச் சொன்னாராம். முதியவர் அங்கேயே நின்றார். மறுநாள் கோமகன் முன்பாகவும் நிறுத்தப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே இறந்துபோனார்.

அவரை அடக்கம் செய்தது குவீன்பியன் ஊரில். தலைநகரிலிருந்து கால் மணி நேரம்; மாநில எல்லையைத் தாண்டினால் வந்துவிடும். எல்லை எங்கே வந்தது என்று நமக்குத் தெரியவில்லை. தோழர்தான் பலகையைச் சுட்டிக் காட்டினார். ஆற்றோரக் கல்லறைத் தோட்டத்தில் மாலைக் காற்று குளிர்ந்து வீசியது. தோழர் செபப் புத்தகத்தைக் காரிலேயே விட்டுவிட்டார். மனப்பாடமாய்த் தெரிந்ததைத் தமிழிலேயே சொன்னோம்.