பதிவேட்டின் ஒரு வரி

இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் ஹூண்டாய் கார் உருவாகத் தொடங்கியது. ஏரிப் பாசனத்தை நம்பிக் கிடந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் அதன்பின் இயந்திரக் காடாயிற்று. ஒரகடம் வரை ஆலைகள் அணிவகுத்தன. பொன் விளையும் பூமி என்றனர். விளையட்டும், வாழ்த்துவோம்! ஆனால், அந்த ஆலைகளுக்குள்ளே எழுத்து தேய்ந்து வருகிறதே, அதைப் பற்றி எவரேனும் பேசினரா?

எழுத்து என்றதும் காவியத்தைக் கருதிவிடாதீர், தோழர்களே! நான் கூறுவது ஷிப்டுப் பதிவேட்டை. இரவு முழுதும் இயந்திரத்துடன் மல்லாடியவன், காலையில் வருபவனுக்கு விட்டுச்செல்லும் நான்கு வரிகளை. என்ன பழுது, எதைக் கழற்றினேன், எது இன்னும் மாட்டப்படவில்லை. இவ்வளவே அதன் இலக்கணம்.

இப்பகுதியில் உதிரிப்பாகம் செய்யும் ஆலையொன்றில், பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றினேன். அங்கு இரவு ஷிப்டு ஒருநாள் ஆங்கில எழுத்தில் ஒரு வரி எழுதிவைத்தது: பிரஸ், ஓர் எண், 'சென்சார் செக்'. எழுதியவன் கருத்தில் 7. படித்தவன் கண்ணுக்கு 1. மறுநாள் நானும் பார்த்தேன், ஒன்றாகவே தெரிந்தது. செக் என்றால்? சோதித்தாயிற்று என்பதா, சோதிக்கவேண்டும் என்பதா? காலை ஷிப்டு முதலாவது பிரஸ்ஸைச் சோதித்தது, குறையில்லை, கையெழுத்திட்டது. ஏழாவது ஓடியது. பத்தொன்பது வயது ஒப்பந்தத் தொழிலாளி ஒருவனின் இரு விரல்கள் போயின. விசாரணை நடந்தது. கவனக்குறைவு அவனுடையதே என்று முடித்தனர். கவனக்குறைவாம்! பதிவேட்டை மேசைமீது வைக்கவே இல்லை.

அமெரிக்காவில் வைத்தனர். 2005 மார்ச் 23 அன்று டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. 15 பேர் மாண்டனர், ஏறத்தாழ 180 பேர் காயமுற்றனர். இரவு ஷிப்டு விட்டுச்சென்ற குறிப்பு ஒரே வரி. எவை நிரப்பப்பட்டன என்பது அதில் தெளிவாக இல்லை. அதுவொன்றே காரணம் அன்று. ஆயினும் ஆய்வாளர்கள் அதையும் காரணங்களுள் ஒன்றாகக் குறித்தனர்.

எழுதத் தெரியாத கூட்டம் எனத் தொழிலாளியை ஏளனம் செய்வோர் உண்டு. மருத்துவரின் கிறுக்கலைக் கண்டாலோ, புலமையின் முத்திரை எனப் புன்னகைப்பர் அவர்களே! (புரியும்படி எழுதுங்கள் என்று மருத்துவர்களுக்கும் 2024 ஜனவரியில் ஒரிசா உயர்நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது.) ஐ.டி.ஐ. முடித்த இளைஞனுக்கு எழுதத் தெரியும். அவன் தமிழில் எண்ணுகிறான். பதிவேடு ஆங்கிலத்தில் கேட்கிறது. ஒடியாவில் எண்ணும் தோழனின் நிலை இன்னும் கொடிது. பேருந்து வெளியே உறுமுகிறது. எழுதுவதற்கென ஊதியமுள்ள நிமிடம் ஒன்றுகூட இல்லை. தணிக்கையாளர் வருகிறார் என்றால் மட்டும், ஒரு மாதத்துக் கட்டங்கள் ஒரே மாலையில், ஒரே மையில் நிரம்பும். அந்தக் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்!

1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108 ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும், படிக்கத்தக்க நிலையிலும் இருக்கவேண்டுமென விதித்தது. வாயிலில் தொங்கும் பலகைக்கு அவ்வளவு அக்கறை. உள்ளே விரலைக் காக்கும் ஏட்டுக்கு?

நான் கேட்டது பெரிதன்று. ஷிப்டு மாறும்போது ஊதியத்துடன் பத்து நிமிடம்; தெரிந்த மொழியில் எழுத உரிமை; காசோலையில் தொகையை எழுதுவதுபோல, இயந்திர எண்ணை எழுத்தாலும் எழுத இடம். மேலாளர் தலையசைத்தார், குறித்தும் கொண்டார். நான் ஓய்வு பெறும்வரை, அந்தக் கட்டத்தின் அகலம் ஒரு விரற்கடையைத் தாண்டவில்லை.